நேசம்மாக்காவை நான் அழித்த கதை

நான் ஒரு பெண்ணை அழித்திருக்கிறேன். நல்ல தேக சுகத்தோடு, கையில் மீன் போடுகிற மஞ்சள் பேசினோடு ஆற்றங்கரையில் நின்ற ஒரு பெண்ணை. மொத்தம் நாற்பது நிமிடம் பிடித்தது. அழித்து முடித்த கையோடு ஒரு பிளேன்ரீ ஊற்றிக் குடித்தேன். பொலிஸுக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். மட்டக்களப்பில் பொலிஸ்காரர் உட்பட எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். நேசம்மாக்காவே நேரில் போய்ச் சொல்லியிருக்கிறா.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. யுத்தம் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பட்டணத்தில் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுப்பவனாக வேலை. பெரிதாக ஒன்றும் கற்பனை செய்துவிட வேண்டாம். யுத்த காலத்தில் எங்கள் ஊருக்கு அதிகம் தேவைப்பட்டது அடையாள அட்டைப் படம்தான். ஸ்டூலில் இருத்து, தலையை நேராக்கு, காது தெரியவேண்டும், சிரிக்கக் கூடாது, கிளிக். ஒன்பது வருடம் இதையே செய்தேன். மாவட்டத்தின் காதுகளில் பாதியாவது எனக்குப் பரிச்சயம். (இப்போதும் சந்தையில் யாரையாவது கண்டால் முகம் நினைவுக்கு வராது. திரும்பிப் போகும்போது காதைப் பார்த்து, அட இவரா என்பேன்.)

அம்மாவும் தங்கச்சியும் கல்லடியில் கடற்கரையோரம் இருந்தார்கள். சுனாமி வந்த காலையில் நான் பட்டணத்தில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன். திரும்பிப் போனபோது ஆட்களும் இல்லை, வீடும் இல்லை, படம் ஒட்டிய அல்பமும் இல்லை. ஊர் முழுக்கப் படம் எடுத்த எனக்கு அம்மாவின் படம் என்று மிஞ்சியது, ஸ்டூடியோ மேசை லாச்சிக்குள் கிடந்த அவவின் அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். காது இரண்டும் தெளிவாகத் தெரியும். முகத்தில் சிரிப்பு இல்லை. "சிரிக்காதீங்கம்மா" என்று சொன்னவன் நான்தான்.

அதற்குப் பிறகு ஸ்டூடியோவின் பின்னறையில் ஒரு பாய், ஒரு கேத்தில், நான். ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோ பூட்டு. சனி பின்னேரம் பேசிய பேச்சுக்குப் பிறகு அடுத்த பேச்சு திங்கள் காலைதான். முதலில் வருகிறவரிடம் "காது தெரியோணும்" என்று சொல்லும்போது தொண்டை கரகரக்கும். இருமிவிட்டுத் திரும்பச் சொல்வேன். முதலாளி எனக்குச் சளி பிடித்துத் தடிமன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஐந்து வருடம் ஒருவனுக்கு விடாமல் தடிமன் இருக்குமா என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்த நேரத்தில்தான் ஊரில் ஒரு கலை மன்றம் புகைப்படப் போட்டி அறிவித்தது. நான் கலைஞனாகிவிடுவது என்று தீர்மானித்தேன்.

கலைஞனாவதற்கு முதல் வேலையாக ஒரு கொப்பி வாங்கினேன். பழைய புத்தகம் ஒன்றில் 'ஒரு படத்தில் ஒரு விஷயம்தான் இருக்கவேண்டும்' என்று வாசித்திருந்தேன். அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதினேன். இரண்டாம் பக்கத்தில் படத்தின் தலைப்பு: 'தனிமை'. அதற்குக் கீழே இரண்டு கோடு. (படம் எடுக்க முன்னரே தலைப்பு வைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.) மூன்றாம் பக்கத்தில்: ஒரு மனிதன், ஒரு வலை, ஒரு சூரியன். வேறு எதுவும் இருக்கக் கூடாது.

எங்களூரில் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். யுத்த காலத்தில் ஆற்றுப் பக்கமோ பாலத்துப் பக்கமோ கமராவைத் திருப்பினால் காவலரணில் இருந்து விசில் வரும். இப்போது விசில் இல்லை. பத்து நாள் விடிய முன்னர் சைக்கிளில் போய், சூரியன் எந்தத் தென்னைக்கும் எந்தத் தென்னைக்கும் நடுவில் எழும்புகிறது என்று கொப்பியில் படம் கீறினேன். வீச்சு வலை ஒன்று கையை விட்டுப் போய், காற்றில் முழு வட்டமாக விரிந்து, தண்ணீரைத் தொட முன்னர் ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில் வட்டத்துக்குள் சூரியன் இருக்கவேண்டும். மனிதன் கறுப்பு நிழலாகத் தெரியவேண்டும். என் மனக்கண்ணில் பரிசுக் கேடயமும் தெரிந்தது.

மனிதன் கிடைத்தார். பெயர் தம்பிராசா. முன்னர் கடற்தொழில் செய்தவர். சுனாமிக்குப் பிறகு கடலை விட்டுவிட்டு ஆற்றுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை எறிகிறவர். கேட்டதும் ஓம் என்றார்.

"காசு கீசு வேணாம் தம்பி. ஒரு படம் மட்டும் எடுத்துத் தா. நானும் இவளும் சேந்து நிக்கிற படம். மகள் குவைத்தில ஒரு வீட்டில வேலை செய்யிறாள். போன் எடுக்கக்குள்ள எல்லாம் அழுறாள். எங்கட கல்யாணப் படம், அவள்ட சாமத்தியச் சடங்குப் படம் எல்லாம் கடலோட போயித்து. எங்கட முகத்தப் பாக்க அவளுக்கு ஒரு துண்டும் இல்ல."

"இதென்ன அண்ணன், கட்டாயம் தாறன்" என்றேன். வாய் சொன்னது. மனம் சூரியனோடு போயிருந்தது. அம்மாவின் காதை லாச்சிக்குள் வைத்திருக்கிற எனக்கு அந்த இடத்தில் பொறி தட்டியிருக்கவேண்டும். ஒன்றும் தட்டவில்லை.

படம் எடுக்கிற நாள் வந்தது. நான் முழங்காலளவு தண்ணீரில், மூன்றுகாலியில் முதலாளியின் கமராவோடு. எனக்கு முன்னால் தம்பிராசாண்ணன். அவருக்குப் பின்னால் ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு மணல் திட்டி. அதன் நுனியில், பூப்போட்ட கவுணும் மீன் போட ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பேசினுமாக அவருடைய மனைவி நேசம்மாக்கா. பின்னால் எழும்புகிற சூரியனைவிட அந்தப் பேசின் பளிச்சென்று இருந்தது.

"அக்கா, அந்த மரத்துக்குப் பின்னால கொஞ்சம் போய் நில்லுங்களன்!" என்று கத்தினேன்.

"ஏன்?"

"படத்துக்குள்ள வாறீங்க!"

"வந்தா என்ன? நான் என்ன பேயா?"

"கொஞ்ச நேரத்துக்கு அக்கா!"

"இவர் தண்ணிக்குள்ள நிக்கக்குள்ள நான் மரத்துக்குப் பின்னால நிக்க மாட்டன். நீ உன்ட வேலையப் பாரு மனே."

சுனாமிக்குப் பிறகு வந்த பழக்கமாம் அது. அவர் தண்ணீரில் இறங்கினால், அவர் திரும்பிப் பார்த்தால் தெரிகிற இடத்தில் அவ நிற்கவேண்டும். மழை என்றாலும், காய்ச்சல் என்றாலும். அவரும் ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், என்னுடைய தனிமைக்குள் ஒரு பொம்பிளை பேசினோடு நுழைந்துவிட்டா என்பதுதான்.

தம்பிராசாண்ணன் எறிந்தார். வட்டம் கோணல். திரும்ப எறிந்தார். வட்டம் சரி, சூரியன் வெளியே. திரும்ப எறிந்தார். எல்லாம் சரி, நான் கமராவை அமத்தவில்லை. (வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவ்வளவு அழகு.) இருபதாவது வீச்சில் அண்ணன் நிறுத்திவிட்டார்.

"மீன் அங்கால நிக்குது தம்பி. நீ இங்கால எறியச் சொல்றாய்."

"வெளிச்சம் இங்காலதான் அண்ணன் நிக்குது."

"வெளிச்சத்தையா கறி வெக்கிற?" என்று திட்டியிலிருந்து அக்கா கேட்டா.

முப்பத்தோராவது வீச்சில் அது அமைந்தது. முழு வட்டம், நடுவில் சூரியன், வலைநூலில் இருந்து சொட்டுகிற துளிகூடத் தெரிந்தது. நான் தண்ணீருக்குள் நின்றபடியே குதித்தேன். அண்ணனின் கை மேலெழும்பவில்லை. பேசினுக்குள் ஒரு குட்டி நண்டு மட்டும் கிடந்தது. கிளம்புகிற அவசரத்தில் இருவரையும் சேர்த்து நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். அக்கா தலைமயிரை ஒதுக்கி முடிக்கக்கூட விடவில்லை. "ஓம் ஓம், வடிவா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிவிட்டேன்.

அடுத்தது கணினி வேலை. முதலாளியின் மொனிட்டர் பழசு. இருட்டான இடமெல்லாம் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். நான் மனிதனைக் கறுப்பாக்கினேன். வானத்தைச் செம்மஞ்சள் ஆக்கினேன். ஒரு பக்கம் தெரிந்த பாலத்தின் துண்டை வெட்டினேன். பிறகு திட்டிக்கு வந்தேன். பக்கத்து மணலை ஒரு துளி எடுத்து அக்காவின் காலில் வைத்தேன், கால் போயிற்று. பக்கத்து வானத்தை எடுத்துத் தலையில் வைத்தேன், தலை போயிற்று. பேசின்தான் கடைசிவரை மல்லுக்கட்டியது. அதுவும் போயிற்று. கரை வெறுமையானது. நான் எழும்பி இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். இதுதான் தனிமை, இதைவிடத் தனிமை கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு 'சேவ்' அமத்தினேன். அசல் படத்தின் மேலேயே அமத்தினேன். திங்கட்கிழமை அடையாள அட்டைக்காரர் வருவார்கள், கமராவில் இடம் வேண்டும் என்று மிச்சப் படங்கள் எல்லாவற்றையும் அழித்தேன். இருவரும் சேர்ந்து நின்ற படம் அந்த மிச்சத்துக்குள் இருந்தது என்பது எனக்கு நினைவே வரவில்லை.

காத்தான்குடியில் படங்களுக்குச் சட்டம் போடுகிற நஸீர் நானாவிடம் பெரிய பிரதியைக் கொண்டுபோனேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ், சூரியன் நல்லா விழுந்திருக்கு. அது சரி தம்பி, தண்ணிக்குள்ள மஞ்சளா என்னமோ கிடக்கே?"

"அது ஒளி நானா" என்றேன், மிகுந்த பெருமையோடு.

"ஒளிக்குக் காலுமா இரிக்கும்?"

"கலைப் படத்தில அப்படித்தான் வரும்."

நானா சுத்தியலை எடுத்தார். சட்டத்துக்கு ஆணி அடித்தார். அவர் காட்டிய இடத்தை நான் குனிந்து ஒருதரம் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

படத்துக்கு முதற்பரிசு. பாடசாலை மண்டபமொன்றில் கண்காட்சியும் பரிசளிப்பும். நானே போய்த் தம்பிராசாண்ணனையும் அக்காவையும் அழைத்தேன். மகளுக்கு அனுப்பும் படத்தையும் அங்கேயே வாங்கிவிடலாம் என்று அவர்கள் சந்தோசமாக ஓட்டோ பிடித்து வந்திருந்தார்கள். அண்ணன் போட்டிருந்தது வெள்ளைச் சேட்டு. அக்கா நீலச் சேலை, முகத்தில் பவுடர், தலையில் மல்லிகை. முன்வரிசையில் இருத்தினேன்.

பிரதம விருந்தினர் இளைப்பாறிய அதிபர் ஒருவர். ஒலிவாங்கியைப் பிடித்தால் விடமாட்டார். "இந்த மனிதனைப் பாருங்கள்! இவனுக்கு இந்தப் பரந்த உலகில் யாருமே இல்லை! கரையில் காத்திருக்க ஒரு சீவன் இல்லை!" என்று முழங்கினார். முன்வரிசையில் தம்பிராசாண்ணன் மெதுவாகத் திரும்பி, பக்கத்தில் இருந்த தன் மனைவியைப் பார்த்தார். மனைவி படத்தைப் பார்த்தா. பிறகு எழும்பி, அதிபரைக் கடந்து, நேரே படத்துக்குக் கிட்டப் போனா. மூக்கு முட்டுகிற தூரத்தில் நின்று கரை முழுக்கத் தேடினா. தேடிக்கொண்டே கீழே இறங்கினா.

"இது என்ட பேசின்!"

அதிபர் ஒலிவாங்கியைக் கீழே இறக்கினார்.

"என்ட பேசினெல்லோ இது! தண்ணிக்குள்ள கிடக்கு! இந்தா, என்ட கவுண்! ஐயோ, என்ட கால்! இந்த அறுவான் என்னைத் தலைகீழாத் தண்ணிக்குள்ள போட்டிருக்கான்!"

அப்போதுதான் பார்த்தேன். கரையில் நின்ற நேசம்மாக்காவை அழித்த நான், தண்ணீரில் விழுந்த நேசம்மாக்காவை அழிக்க மறந்திருந்தேன். அந்தக் காலை ஆறு கண்ணாடி மாதிரிக் கிடந்தது. பழைய மொனிட்டரில் தெரியாத நிழலுரு, பெரிய பிரதியில் பேசினோடு அச்சொட்டாக விழுந்திருந்தது. மேலே ஆள் இல்லை. கீழே தலைகீழாக ஆள்.

மண்டபம் சிரித்தது. அதிபர்கூடச் சிரித்தார். நானும் வழிசலாக ஒரு சிரிப்புச் சிரித்தேன். சிரிக்காதவர்கள் இரண்டே பேர். அக்கா பவுடர் கரைய அழுதுகொண்டு நின்றா. கடல் கொண்டுபோகாமல் விட்ட ஒரு பொம்பிளையை நான் சட்டம் போட்டுத் தண்ணீருக்குள் மாட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தம்பிராசாண்ணன் கிட்ட வந்தார். சத்தம் போடவில்லை.

"இவள் எங்க தம்பி?"

"படத்துக்குச் சரி வரல்ல அண்ணன், அதான்…"

"நான் எங்க தனிய நிண்ட நான்? இவள் கரையில நிண்டவள்தானே. நீயும் கண்ணால கண்டாய்தானே."

நான் அவருடைய காதைப் பார்த்தேன்.

"சரி, போகட்டும். மகளுக்கு அனுப்புற படம்? அதத் தா."

"அதையும்… அழிச்சிட்டன் அண்ணன்."

அவர் என்னை ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மனைவியின் தோளில் கை வைத்து, "வா போவம்" என்று மட்டும் சொன்னார். கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதிபர் கொஞ்ச நேரம் முழித்தார். பிறகு அது இரண்டாம் பரிசுக்காரனுக்குப் போனது. அவன் எடுத்திருந்தது ஓர் எருமையின் படம். எருமை கரையிலும் இருந்தது, தண்ணீருக்குள்ளும் இருந்தது.

மூன்று நாள் நான் யாருடைய முகத்திலும் முழிக்கவில்லை. ஸ்டூடியோவில் காதுகளை மட்டும் பார்த்தேன். பின்னறையில் இருந்து அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது வெட்கத்தோடு ஒரு விஷயமும் புரிந்தது. அந்த ஆற்றங்கரையில் தனியாக நின்றவன் ஒருவன்தான். அவன் கமராவுக்குப் பின்னால் நின்றான். என்னுடைய தனிமையைக் கொண்டுபோய் அந்த மனிதன் தலையில் கட்ட, அவருடைய மனைவியை நான் அழிக்கவேண்டியிருந்தது. சத்தமாக அழுதேன். சத்தமாக அழுகிற வசதி ஆளில்லாத அறைக்கு மட்டும்தான் உண்டு.

நான்காம் நாள் காலை ஸ்டூடியோவுக்குள் நேசம்மாக்கா வந்தா. அதே நீலச் சேலை, அதே பவுடர். கையில் அந்தப் பேசின். நான் மேசைக்குக் கீழே ஒளிய இடம் தேடினேன்.

"ஒளியாத. அழிச்சவன்தான் திருப்பி எடுக்கோணும். எழும்பு."

அவசரமாக அடையாள அட்டை ஸ்டூலைத் தூசு தட்டிப் போட்டேன். அவ நிமிர்ந்து இருந்து, "சிரிக்கலாமா?" என்று கேட்டா. ஒன்பது வருடப் பழக்கம் வாய்வரை வந்தது. "சிரிக்கா—" என்று தொடங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். கண் லாச்சிப் பக்கம் போனது. அக்கா என் முகத்தைப் பார்த்தா. என்ன விளங்கியதோ, எழும்பிவிட்டா.

"இந்த ஸ்டூல் வேணாம். ஆத்தடிக்கு வா. அம்மா தண்ணிக்குள்ள இல்ல, கரையிலதான் நிக்கிறாள் எண்டு என்ட புள்ள பாக்கோணும்."

அண்ணன் அங்கே காத்திருந்தார். அதே திட்டி. இந்த முறை கொப்பியும் இல்லை, தென்னைக் கணக்கும் இல்லை. பேசினை நடுவில் வைத்து இருவரும் நின்றார்கள். நல்ல படமாக ஆறு எடுத்தேன். "காணும் அக்கா" என்றேன்.

"உன்ட ஆக்கள் எங்க மனே இருக்காங்க?" என்று அக்கா கேட்டா.

"ஒருத்தரும் இல்ல அக்கா. சுனாமியோட சரி."

அக்கா அண்ணனைப் பார்த்தா. பிறகு அண்ணன் கொஞ்சம் தள்ளி நின்று நடுவில் இடம் விட்டார். "அப்ப நீயும் வா. வந்து நில்லு."

"படம் ஆரண்ணன் எடுக்கிற?"

"அது தானா எடுக்குமாமே. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். பத்து விநாடி கழித்துக் கமரா தானாக அமத்திக்கொள்ளும். ஒன்பது வருடத்தில் அதை நான் ஒரு தடவைகூடப் பாவித்ததில்லை. யாரோடு போய் நிற்க? அமத்திவிட்டு ஓடினேன். திட்டி விளிம்பில் சேறு. ஒன்பதாவது விநாடியில் வலது கால் வழுக்கியது, பத்தாவது விநாடியில் நான் ஆற்றுக்குள். கமரா தன் கடமையைச் சரியாகச் செய்தது.

படத்தில் நேசம்மாக்கா தொண்டை தெரியச் சிரிக்கிறா. அண்ணன் என்னைப் பிடிக்கக் கையை நீட்டியபடி நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் தண்ணீர் தெறிக்கிறது. அதற்கு மேலே இரண்டு கால்கள், ஒன்றில் செருப்பு இல்லை.

ஏழு படத்தையும் பிரதி எடுத்துக் கொடுத்தேன். அக்கா நல்ல ஆறையும் ஒதுக்கிவிட்டு இதைத்தான் எடுத்தா. "என்னத் தலைகீழாப் போட்டாய். இப்ப நீயும் தலைகீழா. சரியாப் போச்சு."

"குவைத்துக்கு அனுப்புற படம் அக்கா. அந்தக் காலை மட்டும் அழிச்சுத் தாறன்."

"அழிச்சியெண்டா கையை முறிப்பன்."

அந்தப் படம் குவைத்துக்குப் போனது. மற்றொரு பிரதி சட்டம் போட்டு அவர்கள் வீட்டு முன்கூடத்தில் தொங்குகிறது. (நஸீர் நானா இந்த முறை, "இதுவும் ஒளியோ தம்பி?" என்று கேட்டார்.) எனக்குப் பெண் பேசப் போனபோது அக்கா என் முகப் படத்துக்குப் பதிலாக அதைத்தான் கொண்டுபோனா. என் மனைவி என் முகத்துக்கு முதல் உள்ளங்காலைப் பார்த்தவள். பிள்ளைகள் இப்போதும் அங்கே போனால் அந்தக் கால்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்கள்.

படம் குவைத்துக்குப் போய்ச் சேர்ந்த நாள் நான் அவர்கள் வீட்டில் மீன்கறியும் சோறும் தின்றுகொண்டிருந்தேன். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகள் போன் எடுத்தாள். அழுகையும் சிரிப்புமாக அவள் பேசியது எனக்கும் கேட்டது.

"அம்மா, படத்தில எத்தின பேரம்மா நிக்கிறீங்க?"

நேசம்மாக்கா என்னைத் திரும்பிப் பார்த்தா. என் சோற்றுக் கோப்பையில் இன்னொரு துண்டு மீனை வைத்தா.

"மூண்டு பேர் மகள். உன்ட தம்பிட மேல்பாதி மட்டும் தண்ணிக்குள்ள கிடக்கு."